முல்லைத்தீவுக் கரை மணல்

சனிக்கிழமை, காலை ஒன்பது மணி. புலம்பெயர்ந்த நகரின் ரூ பெர்தொனே தெருவில், சாப்பாட்டுக் கடைக்கு மேலேயிருந்த தமிழ்ச் சங்க மண்டபத்துக்குள் வந்த கஜனி, மணல் களவு போயிருப்பதைக் கண்டாள்.

கொலேஜ் என்கிற நடுநிலைப் பள்ளியில் புவியியல் படிப்பிப்பவள் அவள். பிற்பகல் கண்காட்சிக்காகப் பெரிய பலகையில் இலங்கைப் படம் கீறி, அந்தந்தப் பகுதியிலிருந்து வந்த மண்ணையே நிரப்பியிருந்தாள். யாழ்ப்பாணத்துக்குச் செம்மண், முருங்கனுக்குக் கறுத்தக் களி, வன்னிக்குச் செங்கபிலம், மலைநாட்டுக்கு மஞ்சள் கலந்த சிவப்பு. எல்லாம் வைத்தபடி இருந்தன. முல்லைத்தீவுக் கரை மட்டும் வெளிறிக் கிடந்தது. குனிந்தாள். பெருஞ்சீரக வாசம். கீழே கறி தாளிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

வகுப்புக்குக் கொண்டுபோகும் காந்தத்தை மணலுக்குள் விட்டாள். அந்தக் கரை மணலில் இரும்பு கலந்த கறுப்பு மணிகள் உண்டு. நேற்று எறும்புபோல மொய்த்தன. இப்போது ஒன்றும் ஒட்டவில்லை. யாரோ மாற்றிவிட்டார்கள்.

மண்டபச் சாவி வேறு இருவரிடம்தான். ஒருவர் பொறுப்பாளர் மகேந்திரராசா. சனம் செத்த மண்ணைக் காட்சிக்கு வைக்கக் கூடாதென்று கூட்டத்தில் சண்டை பிடித்தவர். விஷயம் வெளியே வந்தால் சங்கம் அவரைத்தான் விலக்கும்.

"நேற்றுப் பூட்டினது ஆர், அண்ணை?"

"நான்தான்."

"திருப்பி வந்தனீங்களோ?"

"இல்லை. நம்பாட்டி விடு."

மற்றவர் தேநீர் போட வரும் புஸ்பராணி. குசினியில் நின்றார்.

"அன்ரி, இண்டைக்கு எப்ப வந்தனீங்கள்?"

"விடியவே வந்திட்டன், பிள்ளை. வெள்ளனப் போகவேணும். செவ்ரான் வீட்டில வளக்கிற குருவியள் கூட்டுக்குள்ள தனிய."

கஜனி பால் வாங்கக் கீழே இறங்கினாள். சாப்பாட்டுக் கடையின் இரும்புக் கதவு இன்னும் திறபடவில்லை. உள்ளே விளக்குமில்லை. படியில் அப்படியே நின்றாள்.

திரும்பி வந்து குசினி வாசலுக்கு மகேந்திரராசாவையும் கூப்பிட்டாள்.

"அண்ணை எடுக்கேல்லை. நீங்கள்தான், அன்ரி. கீழை இன்னும் அடுப்பே மூட்டேல்லை. வாசம் மணலிலதான். குருவிக் கூட்டுக்கு விரிக்கிற மணலுக்குத்தான் இஞ்சை அந்த வாசம் போட்டு விக்கிறவை."

புஸ்பராணி கோப்பை துடைப்பதை நிறுத்தவில்லை.

"ஓம். மகன் அந்தக் கரையிலதான் கிடக்கிறான். கையாலதான் மூடினனான். பிறகு ஓடவேண்டியதாப் போச்சு."

குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"கேட்டிருந்தால் தந்திருப்பனே."

"கேட்டா ஏன் எண்டு சொல்லவேணும்."

கஜனிக்கு அழுகை வரவில்லை. போன கிழமை அந்த மணலைச் சல்லடையில் அரித்து, மேலே நின்றது என்னவென்று பாராமலே குப்பையில் கொட்டியவள் அவள். அதைச் சொல்ல வாய் திறந்தாள். சொல்லவில்லை. போய்க் குருவி மணலை வழித்தெடுத்தாள்.

பிற்பகலில் சனம் வந்தது. முல்லைத்தீவுக் கரை வெறும் பலகையாக இருந்தது. அங்கே மண் இல்லையா என்று ஒருவர் கேட்டார்.

 மகேந்திரராசாதான் பதில் சொன்னார்.

"இருந்தது. உரிய ஆளிட்டைப் போயிட்டுது."