சந்தியாகோ மைதானத்தில் இன்னும் ஓராள்

போன கிழமை வெறுமையாகக் கிடந்த பூங்கா வாங்கில் இன்றைக்கு ஒருத்தன் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தான். சுவரில் தொங்குகிற பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்குள் ஆள் எப்படி வந்து இருப்பான்?

கிருஷ்ணகுமாரி தூசு துடைத்த துணியோடு நின்றாள். நோர்வேயில், ரொம்சோஸ் மாடிவீட்டில் தனியே கிடக்கும் ஒஸ்வால்டோ கிழவருக்கு நகரசபை அனுப்புகிற உதவியாள் அவள். சுவர் முழுக்க அவருடைய ஊர், சிலியின் தலைநகர் சந்தியாகோ: சாந்த லூசியா குன்று, ஆற்றங்கரைப் பூங்கா, குண்டுபட்டுப் புகைகிற ஜனாதிபதி மாளிகை, பெரிய விளையாட்டு மைதானம். எழுபத்துமூன்றில் ஆட்சியைப் பிடித்த ராணுவம் ஆயிரக்கணக்கானோரை அடைத்து வைத்த மைதானம் அது. கிழவரின் தம்பி உள்ளே போனான், வரவில்லை.

அவளுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பதினாறு வருசத்துக்கு முந்தி, போர் முடிந்த நாளில், வட்டுவாகலில் ஆமியிடம் கையளித்த அண்ணன் திலக்சன் என்ன ஆனான் என்று அவளுக்கும் ஒரு நாயும் சொல்லவில்லை. கிளிநொச்சியில் அம்மா அவன் படத்தை மாட்டவே விடமாட்டா. மாட்டினால் விளக்கு வைக்க வேணும், விளக்கு வைத்தால் அவன் செத்தவன். அந்தப் பாழாய்ப்போன நம்பிக்கையில்தான் தாயும் மகளும் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்த ஆள் முந்தியும் இருந்தவரோ?" நோர்வேஜியத்தில் கேட்டாள்.

கிழவர் திரும்பிப் பார்க்கவில்லை. "ஆக்களை எண்ணாதை, பிள்ளை."

மார்கழி, மூன்றரைக்கே இருட்டு. சட்டென்று கரண்ட் போனது. பிரிஜ்ஜின் இரைச்சல் அடங்கியதும், அதுவரை அதற்குள் ஒளிந்திருந்த இன்னொரு சத்தம், கனபேர் நெருக்கியடித்து நின்று மெல்ல மூச்சு விடுகிற சத்தம், ஈர மண்ணும் பழைய வியர்வையும் கலந்த வாடையோடு சுவர்ப்பக்கமிருந்து வந்தது. மேசை லாச்சிக்குள் தடவி மெழுகுதிரியைக் கொளுத்தினாள். படத்தைக் கண்டால் காலடியில் விளக்கு வைத்துப் பழகிய கை. யோசிக்காமல் மைதானப் படத்துக்குக் கீழே வைத்துவிட்டது.

"அதிலை வேண்டாம்!" கிழவர் கத்தினார். "அம்பது வருசமா அதுக்குக் கீழை நான் ஒரு நெருப்புக்குச்சிகூடத் தட்டேல்லை! வெளிச்சம் கண்டா அவையள் வீடு தேடி வெளிக்கிட்டிடுவினம்!"

படத்தில் மைதானப் படிக்கட்டெல்லாம் ஆட்கள். எல்லாம் முதுகுகள். ஒவ்வொன்றாகத் திரும்பின. ஒரு கிழவி. ஒரு மாணவன். மூன்றாம் வரிசையில் ஒருத்தன், இடுப்பில் சாரத்தோடு.

அண்ணன்.

காணாமல் போனவனுக்கு எந்த ஊர் மைதானமாயிருந்தால் என்ன!

திரியை ஊதி அணைத்தாள். போனின் வெளிச்சத்தைப் படத்தில் பிடித்தாள். படிக்கட்டு வெறுமை. ஒருத்தரும் இல்லை.

போன் அடித்தது. அம்மா. அங்கே இரவு எட்டு மணி.

"பிள்ளை! அண்ணா வந்திட்டான்! வாசல்லை நிக்கிறான். வாய் திறக்கிறான் இல்லை. பாவம், களைச்சுப் போனான்."

"அம்மா, கதவைத் திறக்காதேங்கோ!"

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? இதுக்குத்தானே இவ்வளவு காலமும் இருந்தனான். தனிய வரேல்லையடி. கனபேரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான். ஒழுங்கை றோட்டெல்லாம் முட்டச் சனம்."

பிறகு, கதவுக் கொண்டி இழுபடுகிற சத்தம்.