மூன்று வாளி ஆணி

"சாத்தினது யாருன்னுதான் கேக்குறேன்..."

"நாங்க இல்ல, மிசஸ் லார்வுட். நாங்க எப்பவுமே..."

"எப்பவுமே என்ன எப்பவுமே? நாப்பத்தோரு ஆடு! நாப்பத்தோரு ஆடும் பாதிரியார் வீட்டுத் தோட்டத்துல நிக்குது!"

"ஐயோ, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"மீன்குளத்துத் தண்ணியில பாதியக் குடிச்சாச்சு. லெட்டூஸ் கீரையில ஒரு இலை பாக்கி இல்ல. அவரோட சாய்வு நாற்காலி மேல ஒண்ணு முன்னங்கால் ரெண்டையும் போட்டுக்கிட்டு நிக்குது. பாவம் மனுஷன், அதுக்கிட்ட 'வணக்கம்'னு சொல்லிட்டு முழிக்கிறாரு!"

திங்கட்கிழமை மாலை. கெல்லட் வீட்டு வாசலில் நடந்த சண்டை இது. மிசஸ் லார்வுட்டின் ரப்பர் பூட்ஸ் முழுக்கச் சேறு. அதனால் உள்ளே வராமல் வாசலிலேயே நின்று கத்தினார். வாசலை அடைத்துக்கொண்டு அப்பா நின்றார். அவருக்குப் பின்னால், சமையலறை மேசையில், பத்து வயது டாம்சின் ரொட்டியும் பீன்ஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

டாம்சினின் அப்பா வாரத்தில் ஆறு நாள் வேன் ஓட்டுவார். ஊர் ஊராகப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் டாம்சினுக்கு. அன்றைக்கு இருவரும் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு மிசஸ் லார்வுட்டின் வயலுக்குப் போவார்கள். நீளமான கோல், அதன் நுனியில் ஒரு வட்டத் தட்டு. மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அது 'பீப்' என்று கூவும். தோண்டினால் பழைய பித்தான் கிடைக்கும், பெல்ட் கொக்கி கிடைக்கும், என்றைக்காவது ஒரு ராஜா தலை போட்ட காசு கிடைக்கும்.

ஆனால் அடுத்தவர் வயலில் அப்படியெல்லாம் கால் வைத்துவிட முடியாது. வயல்காரர் சரி என்று சொல்ல வேண்டும். அதற்காக அப்பா பதினோரு கதவுகளைத் தட்டியிருக்கிறார். தட்டியதும் தொப்பியைக் கழற்றி, மூன்று அடி பின்னால் போய் நிற்பார். "கதவைத் திறக்கிறவங்க மூக்கு நம்ம மூக்குல இடிக்கக் கூடாது பாரு" என்பார். பத்து வீட்டில் முடியாது என்றார்கள். அதில் ஒரு வீட்டில் நாயும் அதையே சொன்னது. பதினோராவது வீடுதான் மிசஸ் லார்வுட்.

"மிசஸ் லார்வுட், எங்க பொண்ணு நடக்கக் கத்துக்கிட்டப்பவே கேட்டைச் சாத்தக் கத்துக்கிட்டவ..." என்றார் அப்பா.

"அதுதான் தப்பு! சாத்தவும் கூடாது, திறக்கவும் கூடாது. எப்படி இருந்துச்சோ அப்படியே விடணும். அந்தக் கேட் திறந்தே கிடக்கட்டும்னு ஆரஞ்சுக் கயிறு போட்டுக் கட்டி வெச்சிருந்தேன். தண்ணித் தொட்டி அடுத்த வயல்லதானே இருக்கு? ராத்திரி முழுக்க, இன்னிக்குப் பகல் முழுக்க ஒரு சொட்டுத் தண்ணி இல்லாம, வேலியப் பிச்சிக்கிட்டுப் போயிருக்குங்க!"

"யாராவது நடந்து போறவங்க சாத்தியிருப்பாங்க."

டாம்சினின் முள்கரண்டி வழியிலேயே நின்றுவிட்டது.

நேற்று வேனில் ஏறிய பிறகு, மறந்து வைத்துவிட்ட கைமண்வெட்டியை எடுக்க அவள் மட்டும் வயலுக்கு ஓடினாள். திரும்பும்போது அந்தக் கேட் விரியத் திறந்து கிடந்ததைப் பார்த்தாள். யாரோ திறந்து கட்டிவிட்டுச் சாத்த மறந்துவிட்டார்கள், ஆடெல்லாம் வெளியே போய்விடுமே என்று நினைத்தாள். கயிற்றை அவிழ்த்தாள், கேட்டைச் சாத்தினாள், அதே கயிற்றால் கட்டினாள். ஒரு முடிச்சு போதாதோ என்று இன்னொன்றும் போட்டாள். வீடு வரும்வரை அவளுக்குத் தன்மேல் ஒரே பெருமை.

"அப்பா" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. எழுந்து வந்து அப்பாவின் சட்டையை இழுத்தாள். "நான்தான் சாத்தினேன். ரெண்டு முடிச்சுப் போட்டேன்."

இருவரும் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"அந்த முடிச்ச அவுக்க எனக்குக் கால் மணி நேரம் ஆச்சு" என்றார் மிசஸ் லார்வுட், சற்றுத் தணிந்த குரலில். "உண்மையச் சொல்லிட்ட. நல்ல பொண்ணு. ஆனா இனிமே என் வயலுக்கு வராதீங்க."

பூட்ஸ் சத்தம் தெருவில் தேய்ந்து மறைந்தது. அப்பா கதவைச் சாத்தினார், திட்டவில்லை. ஆறிப்போன ரொட்டியைப் பார்த்து, "பதினோரு கதவு" என்று மட்டும் சொன்னார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது டாம்சினுக்கு.

வியாழக்கிழமை அப்பாவின் வேன் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. டயரிலிருந்து கறுத்துப்போன நீள ஆணி ஒன்றை அப்பா பிடுங்கினார்.

"இது கொட்டகை மேட்டு ஆணிதான். அன்னிக்கு அங்கதானே வேனை நிறுத்தினோம்."

கொட்டகை மேடு மிசஸ் லார்வுட்டின் நிலத்திலேயே நல்ல புல் வளரும் இடம். அங்கிருந்த மரக்கொட்டகை போன வருடம் எரிந்து விழுந்தது. மரம் சாம்பலாயிற்று; அதிலிருந்த ஆணிகளெல்லாம் மண்ணில் தங்கிவிட்டன. ஓர் ஆட்டின் குளம்பில் ஆணி ஏறிய பிறகு, அங்கே எதையும் மேய விடுவதில்லை.

"காந்தம் போட்டு இழுத்தாங்களாமே, அப்பா?"

"இழுத்தாங்க. மேல கிடந்தது மட்டும் வந்துச்சு. கொஞ்சம் உள்ள போனது வரல."

டாம்சின் ஆணியை உள்ளங்கையில் உருட்டினாள். "நம்ம டிடெக்டருக்குக் கேக்கும்ல?"

"ஆணியா?" அப்பா சிரித்தேவிட்டார். "டாம்சி, ஆணிச் சத்தம் காதுல விழக் கூடாதுன்னுதான் எல்லாரும் டிடெக்டர்ல இருக்கிற பொத்தானைத் திருப்பி வெக்கிறோம். ஒன்பது வருஷமா நான் ஆணிக்கிட்ட இருந்து தப்பிச்சு ஓடிக்கிட்டிருக்கேன்!"

"அப்ப அதைப் பழையபடி திருப்பினா கேக்கும்."

அப்பா சிரிப்பதை நிறுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை டாம்சின் மிசஸ் லார்வுட்டின் கதவைத் தட்டினாள். தொப்பியைக் கழற்றினாள். மூன்று அடி பின்னால் போனாள். கால் சின்னது என்பதால் இன்னும் ஒன்று சேர்த்துப் போனாள்.

கதவு திறந்தது. "வராதீங்கன்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க. தேடுறதுக்கு வரல. கொட்டகை மேட்டுல ஆணி பொறுக்க வந்திருக்கோம். சரின்னு சொல்றீங்களா?"

"ஆணியப் பொறுக்கிட்டா மறுபடி வயலத் தந்துடுவேன்னு நெனப்பா?"

"இல்ல. ஆடுங்களத் தாகத்துல விட்டுட்டேன். அதுங்களுக்கு நான் வேற என்ன செய்யறதுன்னு தெரியல."

மிசஸ் லார்வுட் அவளுக்குப் பின்னால் வேனருகே நின்ற அப்பாவைப் பார்த்தார். அப்பாவும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்; காற்றில் அவர் தலைமுடி நட்டுக்கொண்டு நின்றது.

"குழி?"

"உடனே மூடிடுவோம்."

"கேட்?"

"தொடவே மாட்டேன். ஏறிக் குதிச்சுப் போறேன்."

"கீல் பக்கமா ஏறு. நடுவுல ஏறினா தொங்கிப்போயிடும்" என்று சொல்லிவிட்டு அவர் கதவைச் சாத்தினார்.

அது சரி என்று சொன்னதுதானா என்று வேனில் அவர்கள் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டார்கள். சரிதான் என்று முடிவு செய்தார்கள்.

ஆணி தேடுவதைப் போலச் சலிப்பான வேலை உலகத்திலேயே கிடையாது. டிடெக்டர் பன்றி மாதிரி 'உர்ர் உர்ர்' என்று உறுமிக்கொண்டே இருந்தது. அப்பா கோலை ஆட்டினார். டாம்சின் முழங்காலிட்டுப் புல்லைக் கத்தியால் மூடிபோல் கிளப்பி, ஆணியை எடுத்து, புல்லைத் திரும்ப வைத்து மிதித்தாள். ஒரு பகலில் ஒரு வாளி நிறைந்தது. தூரத்தில் மிசஸ் லார்வுட்டின் டிராக்டர் இவர்களைப் பார்த்தபடி ரொம்ப நேரம் ஓடாமல் நின்றுகொண்டே இருந்தது.

இரண்டாவது ஞாயிறு மழை தூறியது. மதியம் திரும்பிப் பார்த்தால், கேட் கம்பத்தின் மேல் இரண்டு கோப்பைத் தேநீர் தட்டு போட்டு மூடி வைத்திருந்தது. வைத்தவரைக் காணவில்லை.

"சர்க்கரை போட்டிருக்கு" என்றாள் டாம்சின். "கோபமா இருக்கிறவங்க சர்க்கரை போடுவாங்களா, அப்பா?"

"ஆறதுக்குள்ள குடி" என்றார் அப்பா.

மூன்றாவது ஞாயிறு மூன்றாவது வாளி நிறையப்போகும் நேரத்தில் டிடெக்டர் உறுமவில்லை. பாடியது. டாம்சின் தோண்டினாள். எலுமிச்சம்பழ அளவில் ஓர் உருண்டை வந்தது. பித்தளை. கீழே வாய்போல ஒரு பிளவு. உள்ளே மண் அடைத்திருந்தது.

"மணி! பழைய காலத்துல ஆடு மாட்டுக்குக் கட்டுறது!" அப்பாவின் குரல் கீச்சென்று போயிற்று. "தேய்க்காத, தேய்க்காத. முதல்ல காட்டணும்."

அவள் அதற்குள் கேட்டில், கீல் பக்கமாக, ஏறியிருந்தாள்.

மிசஸ் லார்வுட் மணியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஒரு குச்சியால் மெதுவாக மண்ணைக் கிண்டினார். பிறகு ஆட்டினார். உள்ளே ஏதோ உருண்டது. 'கிணிங்'.

அடுத்த வயலில் மேய்ந்துகொண்டிருந்த நாற்பத்தோரு ஆடும் தலையைத் தூக்கின.

"அட!" என்றார் மிசஸ் லார்வுட். அவர் சிரித்து டாம்சின் பார்த்ததே இல்லை. முன்பல் இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தது. "இத நீ பையில போட்டுக்கிட்டுப் போயிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"உங்க வயல்ல கிடைச்சது உங்களோடது."

மிசஸ் லார்வுட் மணியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். அப்பா தூக்கி வந்த வாளியை வாங்கிக் கையால் எடை பார்த்தார். ஆணிகள் கலகலத்தன.

"இதுல எத்தன என் ஆடுங்க காலுக்குன்னு காத்துக்கிட்டிருந்துச்சோ! நாளைக்குக் குட்டிங்கள மேட்டுல விடப்போறேன்" என்றார். சற்றுக் கழித்து, "ரொம்ப நன்றிம்மா" என்றார்.

"உங்களுக்கும் நன்றி" என்றாள் டாம்சின்.

"எனக்கெதுக்கு? தேநீருக்கா?"

"அதுக்கும். அன்னிக்கு எங்க வீடு வரைக்கும் வந்து கத்தினீங்களே, அதுக்கும். நீங்க வராம இருந்திருந்தா அடுத்த வாரமும் அந்தக் கேட்டைச் சாத்தியிருப்பேன். மூணு முடிச்சுப் போட்டிருப்பேன்."

மிசஸ் லார்வுட் விறுவிறுவென்று உள்ளே போனார். திரும்பி வரும்போது அவர் கையில் தீவன மூட்டைச் சீட்டு ஒன்று இருந்தது. பின்பக்கத்தில் பேனாவால் நாலு வரி. அதை டாம்சினிடம் கொடுத்துவிட்டு, மணியை ஆட்டிக்கொண்டே ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டார்.

"என்ன எழுதியிருக்காங்க? படி, படி" என்று அப்பா அவசரப்படுத்தினார்.

டாம்சின் சத்தமாகப் படித்தாள். "'என் வயல் எல்லாவற்றிலும் தேடுவதற்கு டாம்சின் கெல்லட்டுக்கு அனுமதி தருகிறேன். கேட்டுகளை இருந்தபடியே விட அவளுக்குத் தெரியும். விரும்பினால் அவள் தன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வரலாம். இப்படிக்கு, விநிஃப்ரெட் லார்வுட்.'"

"என்னது? குடு பாப்போம்." அப்பா சீட்டை வாங்கி இரண்டு முறை படித்தார். "அப்ப அனுமதி உனக்கா? பதினோரு கதவு தட்டினது நானு!"

டாம்சின் சீட்டைத் திரும்ப வாங்கி, நான்காக மடித்து, மேல் சட்டைப் பையில் பத்திரமாக வைத்தாள். பிறகு அப்பாவிடமிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி அடி வைத்துத் தள்ளி நின்றாள்.

"விரும்பினால்னுதான் போட்டிருக்கு, அப்பா. தொப்பியக் கழட்டிட்டு முறையாக் கேளுங்க, பாக்கலாம்!"