கூடு காலியான பிறகு

அன்று சாயங்காலம் கோழிகள் கூட்டுக்குள் போக மாட்டேன் என்று அடம்பிடித்தன.

வெளிச்சம் மங்குவதற்குள் ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடி, பரண் கட்டையில் இடம் பிடிக்கச் சண்டை போடுகிற கோழிகள் அவை. அன்றைக்கு வாசலிலேயே நின்று, கழுத்தை மட்டும் உள்ளே நீட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கின. தையல்காரி கையைத் தட்டினாள், அரிசியை இறைத்தாள், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே விட்டுக் கொக்கியைப் போட்டாள். எச்ச நெடிக்கும் உமி வாசனைக்கும் நடுவே, துருப்பிடித்த இரும்பை ஈரக்கையால் தேய்த்தது போல ஒரு வாடை. உள்ளே போன கோழிகளிடமிருந்து ஒரு முணுமுணுப்புகூட இல்லை.

"பாம்பு கீம்பு இருக்கப்போகுது பாப்பா, நல்லாப் பாரு" என்று பின்னறை ஜன்னல் வழியே அண்ணன் குரல் கொடுத்தான்.

டார்ச் அடித்துப் பார்த்தாள். எதுவும் இல்லை.

அண்ணன் கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்த நாளிலிருந்து கழுத்துக்குக் கீழே அவனுக்கு எதுவுமே தெரியாது. அந்தக் கூட்டைக் கட்டியவனும் அவன்தான். நன்றாக இருந்த காலத்தில், ஒரு பக்கச் சுவர் மிச்சமாகுமே என்று தன் அறையின் பின்சுவரோடு ஒட்டியே கட்டினான். ஊருக்கெல்லாம் பூச்சு வேலை செய்தவன், சொந்தச் சுவரை மட்டும் பூசாமலே விட்டுவிட்டான். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சந்து சந்தாகக் கிடந்தது.

காலையில் கதவைத் திறந்தபோது, செவலைக் கோழி பரணுக்குக் கீழே விறைத்துக் கிடந்தது. காயம் இல்லை. கொண்டை மட்டும் மெழுகு போல வெளுத்திருந்தது. மற்ற கோழிகளின் கொண்டையிலும் ரத்தமே இல்லை.

பரண் கட்டையைக் கழற்றி வெயிலுக்குக் கொண்டுவந்தாள். கட்டை மாட்டியிருந்த பொருத்தில் சாம்பல் போல ஏதோ அப்பியிருந்தது. விரலால் வழித்தாள். சாம்பல் நகர்ந்தது. பயந்துபோய் விரல்களைத் தேய்த்தபோது கையெல்லாம் ரத்தம்.

"கோழிப்பேன்தாம்மா" என்றார் கால்நடை மருத்துவர், போனில். "பகல்ல சந்துல ஒளிஞ்சிருக்கும். இருட்டினா வந்து ரத்தம் குடிக்கும். கோழியை வேற இடத்துக்கு மாத்துங்க. உமியைக் கொளுத்துங்க, சந்துக்கெல்லாம் மருந்து அடிங்க, சுண்ணாம்பு பூசுங்க."

"செத்துடுமா டாக்டர்?"

"மருந்து பட்டது செத்துடும். படாதது பட்டினி கிடக்கும். அதுக்குப் பொறுமை ஜாஸ்தி. மாசக்கணக்கா காத்திருக்கும்."

அவள் எல்லாவற்றையும் செய்தாள். தைக்க வந்த துணிகள் மூலையில் குவிந்து கிடக்க, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினாள். மருந்தைக் கரைத்து அடித்தாள். கை வெந்துபோகிற அளவுக்குச் சுண்ணாம்பு அடித்தாள். கோழிகளுக்குச் சாம்பலில் குளியல் போட்டு, சமையலறையில் கூடைபோட்டு மூடி வைத்தாள். அண்ணனுக்குத் தெம்புக்கு இருப்பது அந்த முட்டை ஒன்றுதான். அதுவும் போனால் அவள் என்ன செய்வாள்?

கோழிகள் தேறின. கொண்டை சிவந்தது. ஒன்று முட்டைகூட இட்டது. அதை அவித்து ஊட்டிவிட்டபோதுதான் அண்ணனின் உதடு அவள் கண்ணில் பட்டது. வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தது.

"என்னண்ணா இப்படி வெளுத்துப்போயிட்ட?"

"வெயில்லயா நிக்கிறேன் கறுக்கிறதுக்கு?" என்று சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "பாப்பா, விளக்கை அணைச்சதும் சுவருக்குள்ள மணல் சரியிற மாதிரி ஒரு சத்தம் கேக்குது. சலிக்கிற மணல் மாதிரி. பொடி மணல்."

"எலியா இருக்கும்."

"எலிக்கும் மணலுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

உடம்பு துடைக்கும்போது முதுகு முழுக்கச் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. வேர்க்குரு என்று நினைத்து பவுடரைப் பூசிவிட்டாள். அரிக்கிறதா என்று கேட்டு என்ன பயன்? அவனுக்குத்தான் ஒன்றும் தெரியாதே. அண்ணனுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் வந்து கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். ரத்தம் ரொம்பக் குறைவு, எங்கே போகிறது என்றுதான் புரியவில்லை என்றார். மாத்திரை தந்தார். மாத்திரை போட்டும் அண்ணன் நாளுக்கு நாள் தேய்ந்தான். பேச்சு பாதியில் நின்றுவிடும். கண் சொருகிவிடும். அவள் அவன் கன்னத்தைத் தட்டித் தட்டிப் பேசவைப்பாள். "என்னை விட்டுட்டுப் போயிடாதண்ணா, எனக்கு யாரு இருக்கா" என்று அழுதால், "எந்திரிச்சா போகமுடியும் என்னால?" என்பான்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், பகலே இருட்டாகிக் கிடந்தது. மின்சாரம் போய்விட்டது. சமையலறையில் கூடைக்கடியில் கோழிகள் ஒரேயடியாகப் பதறின. கூடை ஆடியது. இருட்டுக்குப் பயந்திருக்கும், மறுபடி கூட்டிலேயே விட்டுவிடலாமா என்று யோசித்து, போன் வெளிச்சத்தோடு தலையில் கோணியைப் போர்த்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

கூடு சுத்தமாக இருந்தது.

பொருத்துகளைக் கத்தியால் கிளறினாள். பரண் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றுகூட இல்லை. செத்துக் கிடப்பதும் இல்லை. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. தொலைந்ததே சனியன் என்று நிமிர்ந்தபோது, வெளிச்சம் பின்சுவரில் விழுந்தது. வெள்ளைச் சுண்ணாம்பின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. அகலமான கோடு. தேய்ந்த நடைபாதை போல வழவழப்பான கோடு. அது நேராகப் போய்க் கல் சந்துக்குள் நுழைந்தது.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணனின் தலைமாடு.

ஓடினாள். சேற்றில் வழுக்கி விழுந்து எழுந்து ஓடினாள்.

பின்னறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே இருட்டு. துரு வாடை. மணல் சரியும் சத்தம்.

"அண்ணா?"

"பாப்பா." குரல் தெளிவாக இருந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு தெளிவாக. "நீயா போர்த்திவிட்ட?"

அவள் போனை உயர்த்தினாள். வெளிச்சம் கட்டிலில் விழுந்தது.

கழுத்துவரை அவன் மேல் ஒரு சாம்பல் நிறப் போர்வை. கனமான போர்வை. கட்டிலின் இரண்டு பக்கமும் தரைவரை தொங்கியது.

அந்த வீட்டில் சாம்பல் நிறப் போர்வையே கிடையாது.

"கதகதன்னு இருக்கு" என்றான் அண்ணன். அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. முகமெல்லாம் சிரிப்பு. "பாப்பா... என் காலு எனக்குத் தெரியுது. சத்தியமா தெரியுது. கையும். யாரோ பிடிச்சுவிடற மாதிரி இருக்கு."

"அசையாதண்ணா."

"ஏன்? பாரு."

போர்வைக்கடியில் முழங்கால் மெல்ல மடங்கியது. பிறகு தோள். ஒரு கை மேலே வந்தது. விரல் நுனிவரை சாம்பல்.

அண்ணன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான்.

போர்வை நழுவவில்லை.