எட்டுப் பாகம்

கடையில் எட்டுப் பாகம் அளந்து வாங்கிய கயிறு, உப்பங்கழிக் கரைக்கு வந்து பிரித்துப் பார்த்தபோது ஐந்து பாகம்தான் இருந்தது.

அருணகிரிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். முப்பது வருடமாக இப்படித்தான் கயிறு வாங்குகிறான். மத்தியானம் புதுப்பட்டினத்துக் கடையில், நைலான் வாசனை மூக்கில் ஏற, கையை விரித்து விரித்து எட்டு வரை எண்ணி, சந்தேகப்பட்டு இன்னொரு முறையும் எண்ணினான். "இன்னா அண்ணாத்த, கயிறு வாங்க வந்தியா, டான்ஸ் ஆட வந்தியா?" என்று கடைக்கார ஞானம்பாள்கூடக் கிண்டல் செய்தாள். இப்போது போன் போட்டுக் கேட்டான். "எட்டுதான் வெட்டுனேன். உன் கையாலதான அளந்த?" என்று வைத்துவிட்டாள்.

நின்று யோசிக்க நேரமில்லை. மேலே ஏரிகள் நிரம்பிப் பாலாற்றில் தண்ணீர் வருகிறது, இருட்டுவதற்குள் கழியில் ஏறிவிடும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. புதுப் படகைச் சரியாகக் கட்டியாக வேண்டும். கயிறு நீளமானால் படகு ஆடிப்போய்ப் பக்கத்துப் படகில் இடிக்கும். குட்டையானால் தண்ணீர் ஏறும்போது படகால் எழும்ப முடியாது, முன்பக்கம் அமுங்கிக் கவிழ்ந்துவிடும். இது அவனுக்குத் தெரியாத விஷயமா என்ன? போன வருடமும் தெரியும்.

போன வருடம் பழைய படகுக்குப் பெயின்ட் அடித்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. எங்காவது இடித்து உரிந்துவிடுமே என்று கயிற்றைக் குறைத்துக் கட்டினான். இன்ஜினுக்குக் காவலாகப் படகிலேயே படுக்க வந்த மோகன், பெண்டாட்டி ரேணுகாவின் தம்பி, பார்த்துவிட்டுச் சொன்னான்: "மூணு பாகம் பத்தாது மாமா. தண்ணி ஏறுச்சின்னா படகு எழும்பாது."

"கம்முனு படு மச்சான்," என்றான் அருணகிரி.

ராத்திரி தண்ணீர் ஏறி மோகனோடு கவிழ்ந்த படகை, விடிகாலையில் முதல் ஆளாக வந்து பார்த்தவனும் அருணகிரிதான். தன் முடிச்சை யாரும் அடையாளம் காண்பதற்குள் அந்தக் கயிற்றை அறுத்துத் தண்ணீரில் வீசினான். மோகன்தான் அவசரத்தில் குட்டையாகக் கட்டிவிட்டான் என்று ஊருக்குச் சொன்னான். பெண்டாட்டியிடமும் அதையே சொன்னான். "உன் அவசரமே உன்ன வாரிகினு போச்சேடா பாவி" என்று செத்த தம்பியைத் திட்டித் திட்டி ரேணுகா அழுதாள். அதைக் கேட்டுக்கொண்டே அவன் சோறு தின்றான்.

பழைய துண்டு ஒன்றை முடிச்சுப் போட்டுச் சேர்த்து, முளையில் சுற்றுவதற்கும் சேர்த்துப் பத்துப் பாகமாக்கினான். ஒரு முனையைப் படகின் மூக்கில் கட்டிவிட்டு, ஆள் மூழ்கும் ஆழத்தில் நீந்திக் கரையேறினான். மழை விட்டிருந்தது. அழுகிய பாசியும் டீசலும் கலந்த வாடை. தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. கரையில் அடித்திருந்த சவுக்கு முளையில் மறுமுனையைச் சுற்றக் குனிந்தான்.

தவளைகள் நின்றன.

கயிறு அவன் கையில் விறைத்தது. படகு இருந்த இடத்திலேயே இருந்தது. காற்றில்லை. அலையில்லை.

ஒரு இழுப்பு. நின்றது. மறுபடி ஒரு இழுப்பு. நின்றது.

மீன் இப்படி இழுக்காது. நீரோட்டமும் இப்படி இழுக்காது. கை விரித்து, சேர்த்து, மறுபடி விரிக்கிறவன் இழுப்பு இது. யாரோ அளக்கிறார்கள்.

கயிற்றோடு அவன் பார்வை போனது. அது படகு வரை போகவில்லை. பாதி வழியில் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது.

நான்கு. ஐந்து. அவன் உதடு தன்னால் எண்ணியது. விட்டுவிடலாம். விரல் திறக்கவில்லை. ஆறு. கால் சேற்றில் வழுக்கியது.

"யாரு அங்க புடிச்சினு கீறாங்க?"

பின்னால் ரேணுகா நின்றிருந்தாள். அவனைத் தேடி வந்திருக்கிறாள். அவள் பார்வையும் தண்ணீர் மேல்தான் இருந்தது.

ஏழு. முழங்கால் வரை தண்ணீர்.

"நான்தான்," என்றான் அருணகிரி. குரல் அழுகையாக வந்தது. "நான்தான் கொறைச்சிக் கட்டுனேன். அவன் வேணாம்னான். நான்தான் ரேணு."

அவள் அவனை அடிக்கவில்லை. இத்தனை நாள் இதற்காகவே காத்திருந்தவள் மாதிரி மூச்சு விட்டாள். பிறகு அவனைத் தாண்டி, தண்ணீரைப் பார்த்துப் பேசினாள்.

"கேட்டியா மோகனு? மாமா சொல்லிட்டாரு. வா."

கயிறு தளர்ந்தது. ஒரு பாகம். இன்னொரு பாகம். இழுத்துக்கொண்டிருந்தது இப்போது கரையை நோக்கி நடந்து வந்தது. ஆழம் குறையக் குறைய, முதலில் தலைமுடி தெரிந்தது.

ரேணுகா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கை கொடுக்கத் தண்ணீரில் இறங்கினாள்.