முப்பத்தொரு சதவீதம்

சில்யே வந்து சேர்ந்தபோது பகல் பன்னிரண்டு மணி. வெளியே இருட்டு. நார்வேயின் வடகோடியில் உள்ள அல்டாவில் நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி நடுவில்தான் திரும்பும். அதுவரை நண்பகலில் தெற்கே கொஞ்சம் நீலம் தெரியும், அவ்வளவுதான்.

அவளுடைய மின்சாரக் கார் ஓசையில்லாமல் வந்து ஷெட்டின் முன் நின்றது. டயருக்கு அடியில் பனி நொறுங்கியது மட்டும் கேட்டது. ஹல்வோர் சமையலறை ஜன்னலிலிருந்து மகளைப் பார்த்தார். எட்டு மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு இறங்கினாள். வெப்பமானி மைனஸ் இருபத்தாறு காட்டியது.

“அப்பா, உங்க ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கிட்டு என் வண்டியைச் சொருகிக்கவா? ஒரு மணி நேரம் போதும்.”

ஷெட்டில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். ஹல்வோரின் பழைய பெட்ரோல் காருக்கு, இந்தக் குளிரில், ஹீட்டர் போட்டு இரண்டு மணி நேரம் எஞ்சினைச் சூடாக்கினால்தான் உயிர் வரும். அந்த ஒயர் எப்போதும் பாயிண்டில்தான் இருக்கும். இரண்டு வண்டிகளையும் சேர்த்துப் போட்டால் பியூஸ் போய்விடும்.

“போட்டுக்கோ,” என்றார்.

கொஞ்ச நேரத்தில் அவள் பூட்ஸிலிருந்து பனியைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தாள்.

“அது ஏற்கெனவே பிடுங்கித்தான் இருந்தது. அம்மா சுத்துற மாதிரியே சுத்தி ஆணியில மாட்டியிருக்கீங்க. எட்டு வடிவத்துல. சிவப்புக் கம்பளி நூல்கூடக் கட்டி.”

ஹல்வோர் காபிக் கோப்பையை மேசையில் வைத்தார்.

அவர் எந்த ஒயரையும் அப்படிச் சுற்றியதில்லை. காலையில் தன் கையால் ஹீட்டரைச் சொருகிவிட்டுத்தான் வந்திருந்தார். அது பிடுங்கப்பட்டிருப்பது இது ஐந்தாவது நாள். ஐந்து நாளாகக் கார் ஸ்டார்ட் ஆகவில்லை.

சில்யே வாஃபிளின்மேல் பழுப்புச் சீஸைச் சீவிப் போட்டுக்கொண்டே பேச்சை எடுத்தாள். அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும்.

“இன்ஸ்பெக்‌ஷன்ல என்ன சொன்னாங்க?”

“அடியில கொஞ்சம் துரு.”

“கொஞ்சமா? போன வருஷம் ஒருத்தர் துரு ஓட்டையில விரலை விட்டுக் காமிச்சாராம். ஓட்வார் மாமா சொன்னார்.”

“ஓட்வாருக்கு வேற வேலை இல்லை.”

“அப்பா, அந்த வண்டி எனக்கு அக்கா மாதிரி. நான் பிறக்கிறதுக்கு முந்தின வருஷம் வீட்டுக்கு வந்தது. என்னைவிட அதைத்தான் நல்லா வளர்த்தீங்க. அதுக்காக நான் ஒண்ணும் சொல்லலை.” வாஃபிளை மடித்துக் கடித்தாள். “உங்க மாப்பிள்ளை மத்தீஸ் எண்ணெய்க் கிணத்து மேடையில இருக்கார். ஜனவரி பதினாலு வரைக்கும் கடல்லதான். பிரசவத்துக்கு நான் எங்க ஊர் கௌதொகெய்னோவுல இருந்து இங்க ஆஸ்பத்திரிக்கு வந்தாகணும். நீங்க வந்து கூட்டிட்டு வருவீங்கன்னு நம்பிட்டு இருக்கேன். ஸ்டார்ட் ஆகாத வண்டிய வச்சுக்கிட்டு எப்படி வருவீங்க? மின்சார வண்டி வாங்குறதா வெள்ளிக்கிழமைக்குள்ள சொன்னா ஷோரூம்ல இந்தத் துருவையும் நல்ல விலைக்கு எடுத்துக்கிறாங்க.”

“மின்சார வண்டிய நம்பி மேட்டுச் சாலையில போகச் சொல்றியா? உங்க அம்மா போன மாதிரி?”

மூன்று வருடமாகச் சொல்லிப் பழகிய வாக்கியம். தயங்காமல் வந்தது.

சில்யே மெல்லுவதை நிறுத்தினாள். “அம்மாவோடது பழைய வண்டி. சின்ன பேட்டரி. ஆனா அன்னிக்கு ஏன் சார்ஜ் ஏறலைங்கிறது மட்டும் எனக்கு இன்னும் புரியலை.”

“குளிர்,” என்றார் ஹல்வோர். “குளிர்ல ஏறாது.”

காரணம் குளிர் இல்லை. அது அவர் ஒருவருக்கு மட்டும் தெரியும்.

அவர் மனைவி மாரித் திங்கட்கிழமைதோறும் நூற்றிருபது கிலோமீட்டர் மேட்டுச் சாலையைக் கடந்து கௌதொகெய்னோவின் பல் மருத்துவமனைக்கு வேலைக்குப் போவாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மாலையும் வழக்கம்போல வண்டியைச் சார்ஜில் போட்டுவிட்டுச் சீக்கிரம் படுத்துவிட்டாள். மறுநாள் உறைந்த ஏரியில் தன் காரை ஓட்டிக்காட்டுவதாக ஹல்வோர் பக்கத்து வீட்டு ஓட்வாருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அதற்கு முன் இரவே ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்க்க எஞ்சின் சூடாக வேண்டும். மாரித்தின் ஒயரைப் பிடுங்கிவிட்டுத் தன் ஹீட்டரைச் சொருகினார். இரண்டு மணி நேரத்தில் மாற்றிவிடலாம் என்று டிவி முன்னால் உட்கார்ந்தவர் அங்கேயே தூங்கிப்போனார். விழித்தபோது மணி ஐந்து. ஓடிப்போய் அவள் ஒயரைப் பழையபடி சொருகி வைத்தார். ஆறு மணிக்கு அவள் ஷெட்டுக்குப் போனாள்.

ஆறு பத்துக்கு அவளிடமிருந்து செய்தி வந்தது. “31 சதவீதம்தான் காட்டுது. ராத்திரி ஏறவே இல்லை போல. மலைவிடுதி வரைக்கும் போய் அங்க போட்டுக்கலாமா? சரியா வருமா?”

போர்வைக்குள் இருந்தபடியே அவர் பதில் அனுப்பினார். “அந்த வண்டி எப்பவும் அப்படித்தான். போயிடலாம், கிளம்பு.”

எட்டு மணிக்கு மேட்டுச் சாலையில் புயல் வந்தது. கீழே அவர் மதியம் வரை ஏரியில் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். மாரித்தை மறுநாள் கண்டெடுத்தார்கள், மலைவிடுதிக்கு ஒன்பது கிலோமீட்டர் இந்தப் பக்கம், வண்டிக்குள் உட்கார்ந்தபடி.

மின்சார வண்டி என் மனைவியைக் கொன்றது என்று உள்ளூர்ச் செய்தித்தாளுக்கு ஹல்வோர் கடிதம் எழுதினார். முப்பத்தொரு சதவீதம் என்ற எண்ணையும் எழுதினார். அந்த எண் ஊருக்கே தெரியும்.

சில்யே வந்துபோன மறுநாள் பகல் இரண்டு மணிக்கு அவர் ஷெட்டுக்குப் போனார். ஹீட்டரைச் சொருகி, பிளக்கைச் சுற்றி நான்கு சுற்று டேப் ஒட்டினார். கதவை உள்ளே தாழிட்டுவிட்டுக் காரில் ஏறி உட்கார்ந்தார்.

பெட்ரோலும் பழைய தோலும் கலந்த வாசம். ஸ்டியரிங்கின் இடது பக்கம் அவர் கட்டைவிரல் படும் இடம் வழவழவென்று தேய்ந்திருந்தது. ஆறு சிலிண்டர் எஞ்சின் நாலாயிரம் சுற்றைத் தாண்டும்போது எழும் அந்தக் குரலை அவரால் இப்போதும் நெஞ்சுக்குள் கேட்க முடிந்தது. மாரித்தின் குரலை அப்படிக் கேட்க முடியவில்லை. முயன்று பார்த்திருந்தார்.

முன்பக்கம் ஹீட்டர் மெல்ல இரைந்தது.

அரைமணி நேரம் போயிருக்கும். பெட்ரோல் வாசத்தை மீறி வேறொரு வாசம் வந்தது.

ஈரக் கம்பளி. அடுப்பின்மேல் காயப்போட்ட கையுறைகளின் வாசம்.

டேப் உரியும் சத்தம் கேட்டது.

மெதுவாக. ஒரு சுற்று.

இன்னொரு சுற்று.

நான்கு வரை எண்ணினார்.

டக்.

ஹீட்டர் நின்றது.

பிறகு ஒயர் கையிலிருந்து கைக்கு மாறும் சத்தம். இந்தப் பக்கம் ஒரு வளையம், அந்தப் பக்கம் ஒரு வளையம். அவசரமே இல்லை. பின்னால் பார்க்கும் கண்ணாடி அவர் தலைக்கு மேலேயே இருந்தது. அவர் கண்ணை உயர்த்தவில்லை.

“மாரித்,” என்றார். “வித்துடறேன். இந்த வண்டிய வித்துடறேன். போதுமா?”

சத்தம் நின்றது.

பக்கத்து இருக்கைக் கண்ணாடியின் உட்புறத்தில் உறைபனி படர ஆரம்பித்தது. ஒரு சின்ன வட்டம். நெருக்கமாக உட்கார்ந்து யாரோ மூச்சுவிட்டது போல.

ஹல்வோர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்.

வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது.

வெள்ளிக்கிழமை இழுவை வண்டி வந்தது. ஓட்வார் வேடிக்கை பார்க்க வந்து நின்றார். சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுபவர்; நாற்பது வருடப் பழக்கம்.

“உன் மூத்த சம்சாரம் கிளம்பிட்டாளாய்யா?”

“வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு.”

“இருக்கேன். பேப்பர்ல அத்தனை எழுதின ஆளு நீயே மின்சார வண்டி வாங்கிட்ட. நான் ஒண்ணும் கேட்கலை.”

“பேரனோ பேத்தியோ வருது.”

“அது நியாயம்.” கார் சங்கிலியில் தொங்கியபடி மேலே ஏறுவதை ஓட்வார் பார்த்தார். முன்கிரில்லிலிருந்து ஹீட்டர் ஒயரின் துண்டு ஆடிக்கொண்டிருந்தது. “நான்தானே மாரித்தை வெளிய எடுத்தேன். கையில போன் அப்படியே உறைஞ்சு இருந்துச்சு. அதைப் பிரிக்க முடியலை. இன்னிக்கும் அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் மனசு முப்பத்தொண்ணு, முப்பத்தொண்ணுங்குது. என்ன கோளாறுன்னு கடைசி வரைக்கும் கண்டுபிடிக்கலையே.”

இப்போது சொல்லிவிடலாம் என்று ஹல்வோருக்குத் தோன்றியது. வாயைத் திறந்தார். குளிர் பல்லில் பட்டது.

“காபி குடிக்கிறியா?” என்று கேட்டார்.

புது வண்டி வந்தது. வெள்ளை நிறம். உள்ளே பிளாஸ்டிக் வாசம். ஓட்டும்போது எதுவும் கேட்காது. முதல் வாரம் தினமும் விடிவதற்கு முன்பே எழுந்து ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தார். ஒயர் சொருகியபடியே இருந்தது. ஆணி காலியாக இருந்தது. இரண்டாவது வாரம் எட்டு மணி வரை தூங்கினார். அவளுக்குக் கோபம் அந்தக் காரின்மேல்தான், தன்மேல் இல்லை என்று முடிவுகட்டிக்கொண்டார். கார் போய்விட்டது. இனி யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

ஜனவரி எட்டாம் தேதி காலை ஒன்பதரைக்கு சில்யே அழைத்தாள்.

“அப்பா, பயப்படாதீங்க, வலி எதுவும் இல்லை. மூணு நாள் புயல்ங்கிறாங்க. அதுக்கு முன்னாடியே அல்டாவுக்குப் போயிடுன்னு டாக்டர் சொல்றாங்க. நீங்க வர்றீங்களா? முடியலைன்னா இப்பவே சொல்லிடுங்க. கிளினிக்லயே வண்டி தர்றாங்க. இன்னொரு பொண்ணும் போறா.”

“எதுக்கு கிளினிக் வண்டி? நான் வர்றேன். நேத்து சாயங்காலமே சார்ஜ்ல போட்டாச்சு.”

“நிஜமாத்தானே?”

“அப்பா இருக்கேன்ல.”

“சரி, அவங்களைப் போகச் சொல்லிடறேன்.” அவள் குரலில் சிரிப்பு இருந்தது. “பையோட ரெடியா உட்கார்ந்திருக்கேன்.”

ஷெட் கதவைத் திறந்ததும் அந்த வாசம் முகத்தில் அடித்தது.

ஒயர் ஆணியில் தொங்கியது. எட்டு வடிவத்தில். நடுவில் சிவப்புக் கம்பளி நூல், பூப்போல முடிச்சிட்டு.

வண்டியைத் திறந்தார். திரை வெளிச்சமானது.

31.

ஊர் எதிர்த்திசையில் இருந்தது. அங்கே போய்ச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வருவதற்குள் புயலுக்காக மேட்டுச் சாலையை மூடித் தடுப்பை இறக்கிவிடுவார்கள். போனை எடுத்தார். சில்யேயிடம் வரமுடியாது என்று சொன்னால் போதும். கிளினிக் வண்டி இன்னும் கிளம்பியிருக்காது. ஆனால் ஏன் என்று கேட்பாள். சார்ஜ் ஏறவில்லை என்பார். எவ்வளவு என்பாள். அந்த எண்ணைச் சொன்னதும் அவள் நிறுத்தமாட்டாள். இந்த வண்டி மைனஸ் நாற்பதிலும் ஏறுமே, அப்போ அம்மா வண்டி ஏன் ஏறலை என்று ஒவ்வொரு கேள்வியாக வந்து, கடைசியில் அந்த ஒற்றைப் பிளக் பாயிண்டில் வந்து நிற்பாள்.

மலைவிடுதியில் சார்ஜர் இருக்கிறது. அறுபது கிலோமீட்டர்தான்.

சொல்வதைவிடப் போவது சுலபமாக இருந்தது.

தடுப்பருகே ஓட்வாரின் பனி தள்ளும் வண்டி மஞ்சள் விளக்கைச் சுழற்றியபடி நின்றது. ஹல்வோர் ஒரு கையுறையைக் கழற்றித் திரையின்மேல் போட்டார். பிறகு கண்ணாடியை இறக்கினார்.

“என்னய்யா, இன்னிக்கா? இன்னும் பத்து நிமிஷத்துல மூடப்போறோம்.”

“சில்யேயைக் கூட்டிட்டு வரணும். விடுதில தங்கிட்டாவது போயிடுவேன்.”

ஓட்வார் குனிந்து உள்ளே பார்த்தார். தாடியில் பனி கட்டியிருந்தது. “சார்ஜ் எவ்வளவு இருக்கு?”

ஹல்வோர் முன்னால் பார்த்தார். காற்று ஏற்கெனவே சாலையைத் துடைக்க ஆரம்பித்திருந்தது. முப்பத்தொன்று என்று சொன்னால் ஓட்வார் சாவியைப் பிடுங்கிக்கொள்வார். தன் வண்டியில் ஏற்றிக்கொண்டே போய் சில்யேயை அழைத்துவருவார். வழியெல்லாம் கேட்பார்.

“ஃபுல்லா இருக்கு,” என்றார்.

“அப்ப போ. பார்த்துப் போ.”

தடுப்பு அவருக்குப் பின்னால் இறங்கியது. மஞ்சள் விளக்கு இரண்டு முறை சுழல்வது தெரிந்தது. மூன்றாவது முறை தெரியவில்லை.

கையுறையை எடுத்தார். இருபது கிலோமீட்டர் வந்தும் எண் அப்படியே இருந்தது.

31.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது முப்பதானது. உடனே இருபத்தெட்டு.

ஈரக் கம்பளி வாசம்.

பக்கத்து இருக்கைக் கண்ணாடியில், உட்புறத்தில், ஒரு சின்ன வட்டம் வெளுத்தது.

மடியில் போன் அதிர்ந்தது. மாரித்தின் பெயர். அந்த எண்ணை ரத்து செய்து மூன்று வருடமாகிறது.

செய்தியின் சொற்கள் அன்று அவர் அவளுக்கு அனுப்பியவைதான். ஒன்றுகூட மாறவில்லை.

“அந்த வண்டி எப்பவும் அப்படித்தான். போயிடலாம், கிளம்பு.”