இழுப்பறை வாசகி

அந்தப் பழைய மாடி வீட்டுக்குக் குடிவந்த அன்றே, ஜன்னலோர மேசையின் இழுப்பறையில் ஒரு புகைப்படம் கிடந்ததை அவள் பார்த்தாள். நாற்காலியில் ஒரு நடுவயதுப் பெண். மடியில் வெறும் கைகள். முன்பு குடியிருந்தவர்கள் மறந்துபோனதாக இருக்கும் என்று இழுப்பறையை மூடினாள். உள்ளே ஈரத்துணி வாடை அடித்தது.

அவள் எழுதுகிறவள். எந்தப் பதிப்பகமும் சீந்தாத தன் நாவலைத் தானே அச்சடிக்கத் துணிந்தவள். தம்பிதான் அவளுக்கென்று இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கிக் கொடுத்தான்.

"தினமும் ஒரு பத்தி போடுக்கா. ஆள் தானா சேரும்."

ஒரு மாதம் போட்டாள். ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில்தான் 'முதல் வாசகி' என்று ஒரு பொய்க்கணக்கு தொடங்கி, இழுப்பறைப் பெண்ணின் முகத்தை அதற்கு வைத்து, தன் எழுத்தைத் தானே புகழ்ந்து தள்ளினாள். கூட்டம் நிற்கிற இடத்துக்குத்தானே கூட்டம் வரும். வந்தது. மூன்று மாதத்தில் ஐயாயிரம் பேர். எல்லோருக்கும் முதல் வாசகியை ரொம்பப் பிடித்துவிட்டது.

ஒரு காலையில், அவள் எழுதாத கருத்து ஒன்று அந்தப் பெயரில் இருந்தது.

"நேற்று அடித்துப்போட்ட வரி இதைவிட நன்றாக இருந்தது."

அது நோட்டில் பேனாவால் அடித்த வரி. இணையத்துக்கே போகாத வரி.

அவளைத் தவிர அந்தப் பொய்க்கணக்கின் கடவுச்சொல், அதைத் தொடங்க உதவிய தம்பி ஒருவனுக்குத்தான் தெரியும். போனில் பிடித்தாள்.

"என் நோட்டை எப்படா பார்த்தே?"

"எந்த நோட்டு?"

"நடிக்காதே. விஷயம் வெளிய தெரிஞ்சா மானம் போயிடும். அத்தனை பேரும் என்னை நம்பறாங்க."

"நான் உன் வீட்டுப் பக்கம் வந்தே ரெண்டு மாசம் ஆச்சு." அவன் குரல் இறங்கியது. "என்னையே சந்தேகப்படறியாக்கா?"

சந்தேகப்பட்டாள். கடவுச்சொல்லை மாற்றினாள். நோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைத் தலையணைக்கடியில் செருகிக்கொண்டாள்.

மறுநாள் கருத்து வந்தது.

"பூட்டு எதற்கு? நான் உள்ளேதான் இருக்கிறேன்."

பீரோவைத் திறந்தாள்.

ஈரத்துணி வாடை.

கணக்கையே அழித்துவிட்டு, தம்பியைக் கூப்பிட்டு அழுதாள். கோபத்தை ஒதுக்கிவிட்டு அவனும் வந்தான். வாசகர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவாயிற்று. புத்தக வெளியீட்டு நாளில், பட்டப்பகலில், தம்பி போனைப் பிடிக்க, வெறும் சுவரை ஒட்டி நின்றபடி நேரலையில் பேசினாள்.

"முதல் வாசகின்னு யாரும் கிடையாது. நான்தான் பொய்யா எழுதினேன். மன்னிச்சிடுங்க."

சொன்னதும் நெஞ்சு லேசாயிற்று. திட்டு விழும் என்று காத்திருந்தாள். தம்பி திரையில் வந்து விழுந்த கருத்துகளைப் படித்தான்.

"என்னடா சொல்றாங்க?"

"யாரும் நம்பலைக்கா."

"ஏன்?"

"உன் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்திருக்காங்களே, அது யாருன்னு கேக்கறாங்க."

அந்த அறையில் நாற்காலியே இல்லை.

தம்பி நேரலையை நிறுத்தினான். அச்சகத்திலிருந்து வந்த இருபது பிரதிகள் மூலையில் ஒட்டுப் பிரிக்காத பெட்டியில் இருந்தன. அதுவரை ஒரு பிரதியும் வெளியே போகவில்லை. ஏனோ அவளுக்கு அதைத் திறந்து பார்க்கவேண்டும் போலிருந்தது.

பத்தொன்பதுதான் இருந்தன.

இருவரும் மேசையைப் பார்த்தார்கள். அவன்தான் இழுப்பறையை இழுத்தான். புகைப்படம் வைத்த இடத்திலேயே இருந்தது. அதே நாற்காலி, அதே பெண். மடியில் விரித்தபடி இவள் எழுதிய நாவல். அட்டைகூடத் தெளிவாகத் தெரிந்தது. கடைசிக்கு ஒன்றிரண்டு பக்கமே பாக்கி.

தம்பி இழுப்பறையை மெதுவாக மூடினான்.

உள்ளே ஒரு தாள் திரும்பியது.