கூரைக்கடியில் நின்ற காற்று

எட்டு மாதமாகியும் அந்தக் காற்று கசிந்து போகவில்லை.

நூறு வருடத்துக்கு முன் மூழ்கிய கப்பல் அது. பத்து மீட்டர் ஆழந்தான். வெயில் அடிவரை இறங்கும். சிலிண்டர் மாட்டி உள்ளே நீந்திப் போய் வருகிறவர்கள் விடும் மூச்சு மாலுமி அறையின் கூரைக்கடியில் வெள்ளித் தகடுபோல் தேங்கும். கூரை துருப்பிடித்தது என்பதால் அந்தக் காற்று நாலு நாளில் கசிந்து தீர்ந்துவிடும்.

"அண்ணனுக்கப்புறம் யாரும் அந்த ரூமுக்குள்ள போகல. கயிறு கட்டி மறிச்சிருக்கு. ஆனா காத்து அப்படியே நிக்குது அண்ணி," என்றான் படகில் கொழுந்தன். "வெளியில இருந்தே பாத்துட்டு வந்துடுவோம். அது கெட்டுப்போன காத்து."

"உங்க அண்ணன் கடைசியா விட்ட மூச்சு. அதப் போய் கெட்டதுன்னு சொல்லாதே தம்பி."

அவன் முகமூடியை மாட்டிக்கொண்டான். பாவம், அவனுக்குத் தெரியாது. கணவர் இறந்த அன்று சேறு கலங்கி அந்த அறையின் வாசல் தெரியாமல் போனது. அவள் சிலிண்டரில் காற்றும் தீர்ந்துவிட்டது. கணவர் தன் வாய்க்குழாயைக் கழற்றிக் கொடுத்தார். ஆளுக்கு இரண்டு மூச்சு, பிறகு கைமாற்ற வேண்டும் என்பது பழகிய முறை. கொழுந்தன் வந்து அவளை வெளியே இழுத்தபோது குழாய் அவள் வாயில் இருந்தது. உயிரையே கொடுத்தார் என்று ஊர் மெச்சியது. அவர் திருப்பிக் கேட்டு இரண்டு முறை தோளைத் தட்டியது அவளுக்கு மட்டும் தெரியும்.

இன்று கடலடியில், அறை வாசலில், கொழுந்தன் கண்ணைத் திருப்பிய நொடியில் கயிற்றுக்கடியில் நுழைந்தாள்.

உள்ளே அவளுடைய குமிழிகளின் சத்தமும், எங்கோ ஒரு தகடு மெல்ல முனகுவதும், வாயில் ரப்பர் ருசியும், வட்ட ஜன்னல் வழியே சேற்றில் சரிந்து விழுந்த வெயிலும் தவிர வேறொன்றும் இல்லை. அண்ணாந்து பார்த்தாள். காற்று அசையாமல் நிற்க வேண்டும். அது தாழ்ந்தது. உயர்ந்தது. மறுபடி தாழ்ந்தது, தூங்குகிறவனின் நெஞ்சு மாதிரி.

கையை அதற்குள் நீட்டினாள். உள்ளங்கையில் சூடு பட்டது. விட்டு விட்டு. அவசரமாக. மூச்சு முட்டுகிறவரின் மூச்சு.

தோளில் ஒரு தட்டு.

இன்னொன்று.

அவள் திரும்பவில்லை. அழுகை வந்தது. வாய்க்குழாயைக் கழற்றி மேலே நீட்டினாள்.

வாங்கிக்கொண்டார். பிடுங்காமல், மெதுவாக.

ஒரு மூச்சு. இரண்டு.

குழாயைத் திருப்பிக் கேட்டுக் கையை ஏந்தினாள். ஒன்றும் வரவில்லை.

மூன்று. நான்கு.

ஜன்னலில் கொழுந்தனின் கை பதறித் தட்டியது. அவள் உதடுகளை இறுக மூடியிருந்தாள். அவள் கைக்குள், சிலிண்டரில் மிச்சமுள்ள காற்றைக் காட்டும் மீட்டரின் முள், மூச்சுக்கு மூச்சு, இறங்கிக்கொண்டே இருந்தது.